கெளுத்தி மீனின் உடம்பில் வெள்ளையா? மருந்துக்கு முன் இதைப் பாருங்கள்

ஒரு நாள் மாலை, தொட்டியில் இருந்த கோரிடோரஸ் என்ற சிறிய கெளுத்தி ஒன்றின் முதுகில் வெளிறிய திட்டு ஒன்றைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி நோய்தான் என்று நானே முடிவு செய்து, ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் அந்த மீன் செத்துக் கிடந்தது. மறுநாள் மாலைக்குள் இன்னும் மூன்று போய்விட்டன. வந்திருந்தது வெள்ளைப் புள்ளி நோயே அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். அது சூட்டில்தான் வேகமாகப் பெருகும். நோய்க்கு நானே அடுப்பு மூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவு: வெள்ளை என்பது நோயின் பெயர் அல்ல, வெறும் அடையாளம். ஒரு வெள்ளைக்குச் சூடு மருந்து, இன்னொன்றுக்கு அதே சூடு எமன். வேறொன்றுக்கு எந்த மருந்தும் தேவையே இல்லை, தண்ணீரை மாற்றினால் போதும். அதனால் எந்த வெள்ளை என்று பார்த்துப் பிரிப்பதுதான் முதல் வேலை. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மீனுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

முதல் பதினைந்து நிமிடம்

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் மேடாக இருப்பதும், பள்ளமாக இருப்பதும், தோலோடு தோலாக இருப்பதும் தனித்தனியே தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது நான்கு: புள்ளியா திட்டா; மேடா, பள்ளமா, தட்டையா; ஓரம் வெட்டினாற்போல் இருக்கிறதா, மங்கிக் கரைகிறதா; ஒரு மீனிலா, பல மீன்களிலா.

செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நேரத்தோடு. ஆறு மணி நேரம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுங்கள். திட்டு வளர்கிறதா என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது, படம் சொல்லிவிடும். இந்த வேகம்தான் பல நேரம் நோயையே காட்டிக்கொடுக்கிறது.

அப்புறம் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. வெப்பநிலையை ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொல்லாமல், தனி வெப்பமானியில் பாருங்கள்.

உப்பைத் தூவினாற்போல் தனித்தனிப் புள்ளிகள்

ஒவ்வொரு புள்ளியும் உப்புக் கல் அளவு, ஒரு மில்லிமீட்டருக்குள், உருண்டையாக, சற்றே மேடாக இருந்தால் அது வெள்ளைப் புள்ளி நோய். 'இக்' என்று பலரும் சொல்வது இதைத்தான். மீன் கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடும், செவுள் மூடி வேகமாக அடிக்கும். பிளெக்கோ (வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி), கோரிடோரஸ் போன்றவற்றின் உடம்பில் எலும்புத் தகடுகள் இருப்பதால் புள்ளிகள் முதலில் துடுப்புகளில்தான் நன்றாகத் தெரியும். வால் துடுப்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள்.

இந்த ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் மீனை விட்டுக் கீழே விழுந்து, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்தி வந்து இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் நேரத்தில் மட்டும்தான். புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் நோய் திரும்பி வருவது இதனால்தான்: மீனில் இல்லாத புள்ளி மணலில் இருக்கிறது.

25 டிகிரியில் இந்தச் சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். சூடு ஏற ஏற வேகமாக முடியும். 30 டிகிரியில் பெரும்பாலும் அதனால் பெருக முடியாமல் போகும். எனவே, சூட்டைத் தாங்கும் இனம் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, பத்து முதல் பதினான்கு நாள் அப்படியே வையுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் மூன்று நாளாவது தொடர வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை முன்பே போட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மணலை உறிஞ்சிச் சுத்தம் செய்தால் கீழே ஒட்டியிருப்பவற்றில் ஒரு பங்கு குழாயோடு வெளியே போய்விடும்.

எல்லாக் கெளுத்தியும் 30 டிகிரியைத் தாங்காது. ஸ்டெர்பாய் கோரிடோரஸ் தாங்கும். பெப்பர் கோரிடோரஸும் பாண்டா கோரிடோரஸும் குளிர்ந்த தண்ணீர்க்காரர்கள், அவற்றுக்கு இந்த வழி வேண்டாம். 25, 26-இல் வைத்து மருந்து கொடுங்கள். மலாக்கைட் கிரீன் கலந்த மருந்துதான் இதற்குப் பழக்கத்தில் இருப்பது. அளவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. புள்ளிகள் ஒரே அளவில் இல்லாமல், தோலுக்கு வெளியே துருத்திக்கொண்டு, சாம்பல் கலந்த வெள்ளையில், கண்ணின் மேலேயும் இருந்தால் அது எபிஸ்டைலிஸ் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். பார்க்க இக் மாதிரியே இருக்கும். அழுக்கு மிகுந்த தண்ணீரில் வரும், கூடவே பாக்டீரியாத் தொற்றையும் இழுத்து வரும். இதற்குச் சூடேற்றுவது கெடுதல். தண்ணீரைச் சுத்தமாக்கி, லிட்டருக்கு ஒரு கிராம் உப்புப் போடுங்கள்.

முதுகில் சேணம் போட்டாற்போல் வெளிறிய திட்டு, அல்லது வாயைச் சுற்றி வெள்ளை

அவசரமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். முதுகுத் துடுப்பின் அடியில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கும் சாம்பல் வெள்ளைத் திட்டு. ஓரத்தில் மஞ்சளோ பழுப்போ கலந்த கோடு. வாயில் வெள்ளைப் பூச்சு. துடுப்பு ஓரங்கள் நைந்து கிழிவது. காலம்னாரிஸின் முகம் இது. ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே என்ற பாக்டீரியாவால் வருவது. வாயில் வரும்போது பஞ்சு மாதிரித் தெரிவதால் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து ஊற்றி, இரண்டு நாளை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு நாளில்தான் மீன் போகும். கடுமையாக வந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

பூஞ்சையையும் இதையும் பிரிக்க நான் பார்ப்பது இரண்டு. பூஞ்சை என்றால் நூல் நூலாக நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் ஓட்டத்தில் ஆடும். காலம்னாரிஸ் குட்டையாக, தோலில் பூசினாற்போல் இருக்கும். இரண்டாவது, வேகம். காலையில் பட்டாணி அளவு, இரவில் காசு அளவு என்றால் பூஞ்சை என்று காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது:

1. சூட்டைக் குறையுங்கள். ஹீட்டரை 24-க்கு இறக்குங்கள், தண்ணீர் தானாக மெதுவாக ஆறட்டும். பாக்டீரியாவைக் கொல்ல இது போதாது, ஆனால் அதன் ஓட்டத்தைத் தளர்த்தி உங்களுக்கு நேரம் வாங்கித் தரும்.
2. நோய் கண்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இருபது முப்பது லிட்டர் போதும், மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போடுங்கள், பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள்.
3. காற்றை அதிகமாக்குங்கள். செவுள்களில் தொற்று இருந்தால் வெளியே தெரியாது, மூச்சுத் திணறல்தான் காட்டிக்கொடுக்கும். கோரிடோரஸ் சாதாரணமாகவே அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அதன் குடலே மூச்சு விட உதவும். நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஓடினால்தான் கவலை.
4. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். கானமைசின் தண்ணீரிலிருந்து தோல் வழியாக உள்ளே போகும் என்பதால் சாப்பிடாத மீனுக்கும் உதவும். டெட்ராசைக்ளின் வகை, கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வலு இழந்துவிடும், அதனால் தொட்டியில் கரைப்பதைவிட உணவோடு கொடுப்பது மேல். ஆரம்பித்தால் சொன்ன நாள்வரை முடியுங்கள். பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் பாக்டீரியா அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது.

தொட்டிக்குத் தொட்டி வலை, குழாய், ஈரக் கை எதுவும் போகக் கூடாது. இந்த நோய் தண்ணீர்த் துளியில் பயணம் செய்யும்.

பஞ்சு ஒட்டினாற்போல் கொத்து

சாப்ரோலெக்னியா வகைப் பூஞ்சை. வெள்ளை அல்லது சாம்பல் வெள்ளையில், மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல தோலில் இது பொதுவாக வராது. காயம் பட்ட இடத்தில், செத்த சதையில்தான் பிடிக்கும். ஆகவே பஞ்சைப் பார்த்தால் அதன் அடியில் என்ன காயம் என்று கேளுங்கள்: வலையில் சிக்கியதா, இன்னொரு மீன் கடித்ததா, கூரான கல்லா?

கெளுத்தியை வலையில் பிடிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவே. பயந்ததும் முதுகுத் துடுப்பு முள்ளையும் பக்கத் துடுப்பு முள்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். அந்த முள் வலைக்கண்ணில் மாட்டும், நாம் இழுப்போம், தோல் கிழியும். மூன்றாம் நாள் அங்கே பஞ்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் மெல்ல ஓட்டிப் பிடியுங்கள்.

இதற்கு மெத்திலீன் புளூ நல்ல மருந்து. தனித் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும். ஒரு சதவீதக் கரைசல் என்றால் 20 லிட்டருக்கு 4 மில்லி. பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள்: ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும், செடிகளுக்கு ஆகாது, கண்ணாடியின் சிலிகான் ஒட்டு நிரந்தரமாக நீலமாகிவிடும்.

உடம்பு முழுக்கப் பால் பூசினாற்போல் மெல்லிய படலம்

மீன் தன்னைக் காத்துக்கொள்ளக் கூடுதலாகச் சுரக்கும் வழுவழுப்பு இது. ஏதோ ஒன்று தோலை எரிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ஏதோ ஒன்று தண்ணீரில்தான் இருக்கும்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் எல்லா மீன்களிலும் ஒன்றாக வந்ததா? குளோரினைச் சந்தேகப்படுங்கள். குளோரின் நீக்கியை முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு ஊற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். தண்ணீர் மாற்றிப் பல நாள் ஆகி, மெதுவாக வந்ததா? அம்மோனியா அல்லது நைட்ரைட். உணவை நிறுத்தித் தண்ணீரை மாற்றுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, தெரியாமல் மீனை இழந்தவர்கள் உண்டு. அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் எவ்வளவு என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரியில், பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல். நெடுநாள் மாற்றாத தொட்டியில் பிஎச் தானாக இறங்கியிருக்கும், அம்மோனியா சேர்ந்திருந்தும் மீன் தாக்குப்பிடித்திருக்கும். அதில் பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் இருந்த அம்மோனியா சட்டென்று விஷமாகும். பழைய தொட்டியின் பிஎச்சையும் புதுத் தண்ணீரின் பிஎச்சையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், அம்மோனியாவைக் கட்டும் மருந்தைப் போட்டுவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு வீதம் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

தண்ணீர் எல்லா அளவிலும் சுத்தம், ஆனாலும் படலம் போகவில்லை, மீன் தேய்க்கிறது என்றால் காஸ்டியா, சிலோடொனெல்லா போன்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருக்கலாம். நுண்ணோக்கியில் தோல் சுரண்டலைப் பார்த்தால்தான் உறுதி.

ஒரே இடத்தில், ஒரே மீனில், தெளிவான ஓரத்தோடு வெளுப்பு

பிளெக்கோ ஒன்றின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு நேரான வெள்ளைப் பட்டை. மேடு இல்லை, பஞ்சு இல்லை, மற்ற மீன்களில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் புரியாமல் இருந்துவிட்டு, இரவில் டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தேன். விளக்கணைந்து அரை மணி நேரத்தில் அது ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகுந்து, ஹீட்டரின் மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது, மீன் அசையவில்லை. பட்டையின் அகலமும் ஹீட்டரின் அகலமும் ஒன்று. சூட்டுக்காயம்.

ஒளிய வேறு இடம் இல்லாத பிளெக்கோவுக்கு ஹீட்டரின் பின்புறம்தான் குகை. ஹீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு மாட்டி, தொட்டியின் எதிர்மூலையில் ஒரு மரத்துண்டு வைத்தேன். மருந்து எதுவும் போடவில்லை, வாரம் இருமுறை கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினேன். ஓரங்களிலிருந்து நிறம் மெல்ல உள்ளே வந்து மூடியது.

உரசல், சண்டைக் காயம் எல்லாம் இதே வகை. ஆண் பிரிசில்நோஸ் (பிளெக்கோவில் ஒரு வகை) இரண்டு ஒரு குகைக்கு மோதினால் தலையிலும் துடுப்பு ஓரத்திலும் வெள்ளைக் கீறல் வரும். குகையை இரட்டிப்பாக்குங்கள். பங்காசியஸ் மாதிரி தகடு இல்லாத பெரிய கெளுத்தி திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதி மூக்கு வெளுத்துக் கிடக்கும். அதற்குத் தொட்டியே சிறிது. இவற்றுக்கெல்லாம் சுத்தமான தண்ணீர் தவிர வேறு வேண்டாம். ஆனால் தினமும் பாருங்கள். பஞ்சு முளைத்தாலோ ஓரம் சிவந்து திட்டு பரவினாலோ மேலே உள்ள பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

நிறம் மட்டும் மங்கியிருந்தால்

பிளெக்கோக்கள் இருட்டில் வெளிறும். விடியற்காலையில் சட்டென்று விளக்கைப் போட்டால் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், நிறம் வந்திருந்தால் நோய் இல்லை. வெளிர் மணலிலும் நிறம் குறையும். கோரிடோரஸின் வயிறு இயல்பிலேயே வெளுப்புதான்.

கண்ணாடிக் கெளுத்தி மட்டும் விதிவிலக்கு. எலும்பு தெரியும் அந்த உடம்பு பால் மாதிரி மங்கினால் மீன் பெரிய சிக்கலில் இருக்கிறது. உடனே தண்ணீரைச் சோதியுங்கள்.

மருந்து ஊற்றும்போது கெளுத்திக்கென்று சில கவனங்கள்

கெளுத்தி மீன்களுக்குச் செதில் கிடையாது. ஒன்று வெறும் தோல், இல்லையென்றால் எலும்புத் தகடு. அதனால் மருந்தும் நஞ்சும் தோலைச் சுலபமாகத் தாண்டும். மலாக்கைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகளை, அவற்றோடு வரும் தாளில் கெளுத்திக்கு என்று தனி அளவு கொடுத்திருந்தால் அந்த அளவிலும், இல்லையென்றால் பாதி அளவிலும் தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் தொட்டியை விட்டு நகராதீர்கள். மீன் நிலைகுலைந்து சுழன்றால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செப்பு கலந்த மருந்தை நான் கெளுத்தித் தொட்டிக்குள் விடுவதே இல்லை. மலாக்கைட் கிரீன் நம் உடம்புக்கும் கெடுதல், கையுறை போடுங்கள்.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 60, 30, 36 என்றால் 64.8 லிட்டர். தண்ணீர் விளிம்புவரை இருக்காது, மணலும் கல்லும் இடம் பிடிக்கும். உண்மையில் 55 லிட்டருக்குப் பக்கம்தான் வரும். 65 என்று எண்ணி மருந்து போட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு போடுவதென்றால் அயோடின் கலக்காத உப்பு, லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போக வேண்டாம். தனியே கரைத்து, மூன்று பங்காக ஒன்றரை நாளில் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். எத்தனை லிட்டரை வெளியே எடுத்தீர்களோ அத்தனை லிட்டருக்கு மட்டும் போடுங்கள்.

கோரிடோரஸை வேறு தொட்டிக்கு மாற்றும்போது சிறிய பையில் நெருக்கி அடைக்காதீர்கள். பயத்தில் அது வெளிவிடும் நஞ்சு பையிலேயே அதைக் கொன்றுவிடும். தண்ணீர் நுரைத்தால் உடனே புதுத் தண்ணீருக்கு மாற்றுங்கள்.

குணமான மீனை மறுநாளே பழைய தொட்டிக்கு அனுப்பாதீர்கள். கடைசி அறிகுறி மறைந்து இரண்டு வாரம் தனியே இருக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு கெளுத்திக்கும் நான்கு வாரம் தனித் தொட்டி. அந்த நான்கு வாரத்தில் தினமும் ஒருமுறை, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்.